கார்னெட் தெருவின் மூன்று குழந்தைகள்

இங்கிலாந்தின் ஓல்டம் நகர நூலகத்தின் ஆவணப் பிரிவுக்குள் நுழைந்த வில்ஃப், நனைந்த குடையை மடக்கக்கூட மறந்திருந்தார். எழுபது வயது மனிதர்.

"அம்மாவுக்குத் தொண்ணூத்தொன்பது ஆச்சு. 'பெத்தவளே வேணாம்னு தூக்கிக் குடுத்த பிள்ளை நான்'னு இன்னிக்கும் சொல்லி அழறாங்க. அது நெசமான்னு அவங்க இருக்கும்போதே தெரியணும்."

ஆவணப் பிரிவைக் கவனிக்கும் நோரா அவருடைய தாள்களை நிதானமாகப் புரட்டினாள். பக்கத்தில் டெரிக் நெளிந்துகொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்று அவளுக்கு உதவ வந்தவர். பொறுமைக்கும் அவருக்கும் வெகுதூரம்.

பல்லாண்டுகள் ரகசியமாக வைக்கப்பட்டிருந்த 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்போதுதான் வெளியாகியிருந்தது. அட்டவணைப்படி கார்னெட் தெரு பதினான்காம் எண்ணில் ஆலிஸ், இருபத்து மூன்று வயது, விதவை, மில் நெசவாளி, தனியாள். அவள் மகளும் வில்ஃபின் தாயுமான எல்லன், ஒரு வயது, எதிர்வரிசை ஒன்பதாம் எண்ணில், மார்த்தா என்பவளின் வீட்டில்.

"எதிர்வீட்டுலயே தள்ளிவிட்டுட்டா, கல்நெஞ்சுக்காரி!" என்றார் டெரிக்.

"கொஞ்சம் பிரேக் போடு, டெரிக். மார்த்தா வீட்டுல வேற யாரு?"

"இன்னும் ரெண்டு கைக்குழந்தை. மூணும் வேற வேற குடும்பப் பேரு."

"ஒரே தெருவுல மூணு பேரு பிள்ளையைக் கைவிட்டாங்களாக்கும்? கணக்கெடுத்தது எந்த ராத்திரி?"

"ஞாயித்துக்கிழமை."

"திங்கக்கிழமை ஆறு மணிக்கு மில்லுல நிக்கணும். விடியாத குளிர்ல பிள்ளையை எழுப்ப மனசு வராம, முந்தின ராத்திரியே பிள்ளை பாத்துக்கிறவ வீட்டுல படுக்க வெச்சிருக்காங்க. தூங்கின வீட்டுலதானே கணக்கு? அட்டவணையை விடு. வீட்டுக்காரங்களே நிரப்பிக் குடுத்ததுதானே, ஆலிஸ் கைப்பட எழுதின தாளைத் திற."

டெரிக் திரையில் திறந்தார். ஆலிஸின் பெயருக்குக் கீழே, கோணல்மாணலான கையெழுத்தில் இன்னொரு வரி: எல்லன், மகள், ஒரு வயது. அங்கே தூங்காத பிள்ளை என்று அதிகாரி சிவப்பு மையால் அடித்திருந்தார். அடிக்கப்பட்ட வரி அட்டவணையில் ஏறவில்லை.

வில்ஃப் திரையில் அந்த வரியை விரலால் தொட்டார். "அப்புறம் ஏன் பெத்தவளே வளக்கல?"

நோரா கல்லறைத் தோட்டத்தின் அடக்கப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். "ஆலிஸ் அந்த நவம்பர்லயே நிமோனியாவுல போயிட்டா. இருபத்து நாலு வயசு. அதுக்கப்புறம்தான் மார்த்தா வளத்திருக்கா."

அன்று மாலையே முதியோர் இல்லத்தில் எல்லன் அந்தத் தாளின் நகலை வாங்கிக்கொண்டாள்.

"யாரோ அடிச்சிருக்காங்களேடா."

"அது அதிகாரிம்மா. உங்கம்மா எழுதினது கோட்டுக்கு அடியில இருக்கு."

எல்லன் உருப்பெருக்கியைத் தாள்மேல் பிடித்தாள். தன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு, அம்மா எத்தனை வயதில் போனாள் என்று கேட்டாள். வில்ஃப் சொன்னார்.

"இருபத்து நாலா?" தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "சின்னப் பொண்ணுடா அது. அதையா இத்தனை வருஷம் திட்டிட்டிருந்தேன்?"