ஆயிரத்துப் பத்து மில்லிபார்

நீலாவதி கொண்டுவந்த தாளில் எண் தப்பாக இருந்தது. பள்ளத்தாக்கின் அடியில், பம்பு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காற்றழுத்தமானி, மூன்று மணிக்கு ஆயிரத்துப் பத்து மில்லிபார் காட்டியதாக எழுதியிருந்தாள். கெட்டுப்போன மீனைத் தூக்கிப் பார்ப்பவன்போல டெரன்ஸ் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வானிலைப் பதிவு அவன் பொறுப்பு. மேலே ஆபீஸில் ஒரு கருவி, கீழே பம்பு வீட்டில் ஒன்று. கீழே உள்ளதைப் பார்த்து எழுதுவது நீலாவதியின் வேலை. தொழிலாளர் லயத்து ஆட்களுக்கு எண் என்றாலே ஆகாது என்பது டெரன்ஸின் தீர்மானம். இரண்டு குன்று தள்ளி ஒரு லயத்தில்தான் அவனும் பிறந்தான். டிப்ளோமா வாங்கிய பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை.

உயரம் ஏற ஏறத் தலைக்கு மேல் காற்றின் பாரம் குறையும், இந்த மலையில் எண்ணூற்று அறுபதைத் தாண்டவே தாண்டாது என்று, காது கேளாதவரிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"ஆயிரத்துப் பத்துன்னா அது கடற்கரை. நீ லூமுட்டுக்குப் போயிட்டா வந்தே?"

பக்கத்து மேசையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி சுகுமாரன் சிரித்தார். பிறகு தானா ராத்தா டவுனில் வேலை இருக்கிறதென்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீலாவதி சிரிக்கவில்லை. கீழே மூடுபனி வெதுவெதுப்பாக இருக்கிறது என்றாள்.

"காது வலிக்குது சார். மறுபடி போகச் சொல்லாதீங்க லா."

"போய் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. அப்பதான் நம்புவேன்."

அவளுடைய சிவப்பு மழைக்கோட்டு தேயிலை வரிசைகளுக்கு நடுவே இறங்கி மறைந்தது.

மூடுபனி வழக்கமாகக் கிழிந்த பஞ்சுபோல, காற்று தள்ளிய பக்கம் அலைந்து வரும். அன்றைக்கு வந்தது அப்படியில்லை, பீப்பாயில் தண்ணீர் ஏறுவதுபோல மட்டம் பிசகாமல் ஏறி, பம்பு வீட்டுக் கூரையை மூடி, லோரிப் பாதையை மூடி, மின்கம்பங்களை அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. ஈர இலை வாசம் இல்லை. அழுகிய கிளிஞ்சலின் வாடை. ஜன்னலுக்கு வெளியே நாலரை மணி வெயில் பச்சையாக மாறி மங்கியது. பள்ளத்தில் குளிர்காற்று தேங்கினால் இப்படித்தான், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும் என்று டெரன்ஸ் உதட்டைச் சுழித்தான். உதடு உப்புக் கரித்தது.

கைப்பேசி ஒலித்தது. படம் வந்திருந்தது. கருவியின் முள் கடைசி எண்ணைத் தாண்டி வளைந்து நின்றது. அதன் கண்ணாடி நொறுங்கியிருந்தது. மலிவுச் சாமான் என்று முணுமுணுத்தபடி தன் மேசைக்கு மேலிருந்த கருவியைப் பார்த்தான்.

தொள்ளாயிரத்து ஐந்து.

விரலால் தட்டினான். தொள்ளாயிரத்து அறுபது.

காது அடைத்தது. எச்சில் விழுங்கினான். மறுபடி அடைத்தது. அவளை அழைத்தான். எடுத்தாள். கொப்புளிக்கும் சத்தம் மட்டும், மெதுவாக, கனமாக.

"நீலாவதி," என்றான். இரண்டு வருஷத்தில் அன்றுதான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். "மேல வந்துரு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

கதவுக்கு ஓடினான். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. தள்ளினான். தோளால் இடித்தான். அசையவில்லை. தகரக் கூரை முனகியது. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வளைந்தது.

கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு.

நீலாவதி மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். மிக மெதுவாக. கால்கள் தரையில் படவில்லை. முடி நேரே மேல்நோக்கி நின்றது. திறந்த கண்கள். அவள் உள்ளங்கை கண்ணாடியில் பதிந்து, வழுக்கி, கீழே போனது.

அவளுக்குப் பின்னால் மலைச்சரிவுத் தேயிலை முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்தது.

மேலே ஒரு நிழல். மலையின் அகலம். அது கூரையைக் கடந்து நீந்திப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. இன்னும் அதன் கண் வரவில்லை.