வலப் பக்கம் வைத்த கைநாட்டு

1951, மார்ச் 14, புதன்கிழமை. காலை மணி 7.10.

மலாயாவில், ஜாசின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பள்ளிக்கூடத்தைத் திறந்த ஆசிரியை சுசீலா வாசலிலேயே நின்றுவிட்டாள். தெற்குச் சுவரில் மாட்டியிருந்த வரைபடம் இல்லை. அதைக் குத்தியிருந்த நான்கு ஊசிகளும் மேசைமேல் வரிசையாக இருந்தன.

காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு இல்லாமல் இருக்க, அவசரகாலச் சட்டப்படி தொழிலாளர்களின் லயத்து வீடுகளை முள்வேலிக்குள் மாற்றப்போகிறார்கள். மேற்கே ஓடைக்கரை, கிழக்கே லாலாங் புல் மண்டிய வறண்ட மேடு என இரண்டு இடங்கள். மக்களைக் கேட்டுத் திட்டம் போட மலாக்கா டவுனிலிருந்து யாழ்ப்பாணத்துக்காரரான ஆலோசகர் சபாரத்தினம் வந்திருந்தார். நேற்று மாலைக் கூட்டத்தில், பஞ்சாயத்துத் தலைவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நாற்பத்தொரு குடும்பங்களும் அந்த வரைபடத்தில் தங்களுக்கு வேண்டிய இடத்தில் கைநாட்டு வைத்தன. எல்லாம் வலப் பக்கம், லாலாங் மேட்டில். 'ஏகமனதான சம்மதம்' என்று சபாரத்தினம் பெருமையோடு குறித்துக்கொண்டார்.

மணி 8.30. போலீஸ் சார்ஜன் ரங்கசாமி வந்தார்.

"வேலி எங்க வருதுன்னு காட்டுற மேப் அது. காட்டுல உள்ளவன் கைக்குப் போயிருந்தா? மத்தியானத்துக்குள்ள ஆளு தெரியணும். இல்லாட்டி பஞ்சாயத்து ஆளுங்க அஞ்சு பேரையும் தடுப்புக் கேம்புக்கு ஏத்திடுவேன்."

"எனக்கு இரண்டு மணித்தியாலம் தாங்கோ," என்றார் சபாரத்தினம்.

காட்டுக்காரன் ஊசிகளை அடுக்கி வைப்பானா என்று அவருக்குத் தோன்றியது. அவர் பால்மரம் வெட்டும் கருப்பாயியைக் கூப்பிட்டார்.

"எந்தப் பக்கம் கைநாட்டு வைச்சனீங்கள்?"

"வலப் பக்கம்."

"ஏன் அந்த இடம்?"

"தண்ணி வேணும்லா ஐயா. ஓடை அங்கதானே இருக்கு." கருப்பாயி மேற்கே கை நீட்டினாள்.

சபாரத்தினத்தின் பேனா நின்றது. அடுத்து வந்த ஆறு பேரும் "வலப் பக்கம்" என்றுதான் சொன்னார்கள். ஆறு பேரும் மேற்கேதான் காட்டினார்கள்.

கடைசியாகப் பஞ்சாயத்துத் தலைவர் மாயாண்டி வந்தார்.

"நீங்கள் கேட்டது எந்த இடம்?"

"ஓடைக்கரைங்க. மேப்புல இடப் பக்கம்."

மணி 10.20. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தார்கள்.

"எடுத்தது மாயாண்டி," என்றார் சபாரத்தினம்.

எல்லாரும் மாயாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓடை படத்தில் இடப் பக்கம் எண்டது இவர் ஒருவருக்குத்தான் தெரிஞ்சிருக்கு. நேற்று 'வலப் பக்கம் வைங்க' எண்டு எல்லாருக்கும் சொன்னதும் இவர்தான். அப்ப, கூட்டத்துக்குப் பிறகுதான் படத்தைத் திரும்பப் பார்த்திருக்கிறார்."

மாயாண்டி தலை குனிந்தார். "ஆமாங்க. ராத்திரி எடுத்துக்கிட்டுப் போயி களத்துல விரிச்சு, ஓடை வளைவோட பொருத்தித் திருப்பிப் பார்த்தேன். கைநாட்டெல்லாம் மேட்டுப் பக்கம் இருந்துச்சு. தண்ணியில்லாத மேட்டுக்கு நானே எல்லாரையும் அனுப்பிட்டேன். சொல்ல நாக்கு எழல. வீட்டுலதான் வச்சிருக்கேன்."

"ஆனால் தவறு அவரில் இல்லை," என்றார் சபாரத்தினம். குரல் இறங்கியிருந்தது. "படத்தில் வடக்கு மேலே. அதை நான் தெற்குச் சுவரில் மாட்டினேன். தெற்கே பார்த்து இருக்கிறவைக்கு ஓடை வலக்கைப் பக்கம். என்ர படத்திலோ இடப் பக்கம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஓடையும் ஒரு கோடு, லொறிப் பாதையும் ஒரு கோடு. முப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான், கவனிக்கேல்லை."

அவர் கருப்பாயியைப் பார்த்தார். "சந்தேகம் இருக்கோ எண்டு கேட்டனே அம்மா?"

"கேட்டீங்க. படிச்சவங்க முன்னால ஒண்ணும் புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மாயாண்டியின் தோளைப் பிடித்த சார்ஜனைச் சபாரத்தினம் தடுத்தார். "படத்தை நான் இன்னும் அரசாங்கத்திடம் குடுக்கேல்லை. அது என்ர பொருள். எனக்கு முறைப்பாடு இல்லை."

"ரிப்போர்ட்ல என்னய்யா எழுதுறது?"

"ஆலோசகர் படத்தைப் பிழையாக மாட்டினார், சனம் பேசாமல் இருந்ததைச் சம்மதம் எண்டு நினைச்சார். அப்பிடியே எழுதுங்கோ. கையெழுத்து நான் போடுறன்."

சார்ஜன் தயங்கினார். பிறகு எழுதினார். சபாரத்தினம் கையெழுத்திட்டபோது அவர் காதெல்லாம் சிவந்திருந்தது.

பதினொரு மணிக்கு, படத்தை விட்டு இடத்தையே நேரில் பார்த்து முடிவு செய்ய, எல்லாரும் ஓடைக்கரைக்கு நடந்தார்கள். மாயாண்டி மட்டும் பின்தங்கி வந்தார். சபாரத்தினம் நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தார். இருவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்கங்கய்யா," என்றார் மாயாண்டி.

"அதை நான்தான் கேக்கவேணும். ஊரார் முன்னால் உங்கட பேரைச் சொல்லிப்போட்டன்," என்றார் சபாரத்தினம்.