ஒன்பதாம் எதிரிப்படை

தினமும் காலை ஏழு மணிக்குச் சாவதுதான் ஒன்பதாம் எதிரிப்படையின் வேலை. எட்டு மணிக்கு இட்லி. கடற்கரையைக் காக்கும் 'வான்கண்' என்ற தானியங்கிக் காவல் இயந்திரத்தைப் பழக்குவதற்காக, பகைவராக நடித்துப் பறப்பவர்கள் இவர்கள். முப்பது வருடமாக நிஜமான எதிரி ஒருவன்கூட எட்டிப் பார்க்காததால், வான்கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள் இவர்கள் மட்டுமே.

வான்கண் வெறும் ஒளியால்தான் சுடும், காயம் படாது. ஆனால் ஒளி பட்டவர் செத்தவர். தளத்துக்குத் திரும்பும் வரை அவர் எந்தத் திரையிலும் தெரியமாட்டார், அவருடைய ரேடியோவும் ஊமையாகிவிடும்.

அன்று சிக்கந்தர் முதலில் செத்தார். பக்கத்து விமானத்தில் பறந்த மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே சிக்கந்தருடைய எஞ்சின் நிஜமாகவே தீப்பிடித்தது. பாராசூட்டில் குதித்துக் கடலில் விழுந்தார்.

"கண்ட்ரோல், சிக்கந்தர் சார் கடல்ல விழுந்துட்டாரு. படகு அனுப்புங்க!"

"போங்க மேடம்," கட்டுப்பாட்டு அறையில் தாமோதரன் சிரித்தான். "போன வருஷம் இதையே சொல்லித்தானே படகையெல்லாம் வடக்க ஓட்டிட்டு, தெக்கால உள்ள நுழைஞ்சீங்க? பதக்கம் வேற வாங்கினீங்க."

"சத்தியமா சொல்றேன்."

"அப்பவும் சத்தியம் பண்ணீங்களே."

பண்ணியிருந்தாள். அந்தப் பொய்யை யோசித்துக் கொடுத்ததே சிக்கந்தர்தான். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான் போலும். அந்தப் பொய்க்குப் பிறகு, செத்தவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் வான்கண் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கீழே அலையில் அவர் அசையவில்லை. மெர்லின் தாழ இறங்கி வட்டமிட்டாள். வான்கண் தானாகப் படகு அனுப்புவது ஒன்றுக்குத்தான்: உயிரோடு குதித்த எதிரியைப் பிடிக்க. குதித்தால் நல்ல விமானம் ஒன்று பாழ். இனி ஜென்மத்துக்கும் பறக்க விடமாட்டார்கள். குதித்தாள்.

நீந்திப் போய் அவர் முகத்தை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். மூச்சு இருந்தது. சற்று நேரத்தில் ஆளில்லாப் படகு வந்து நின்று, தன் தூக்குக் கொக்கியை இறக்கியது.

"எதிரி ஒருவர். ஏறவும்."

"முதல்ல இவரைத் தூக்கு."

"அங்கே யாரும் இல்லை."

மெர்லின் சிக்கந்தரின் மிதவைச் சட்டை வாரைத் தன் வாரோடு இறுக்கி முடிந்தாள்.

"சரி, நான் ஒருத்திதான்," என்றாள். "கொஞ்சம் கனமா இருப்பேன். தூக்கு."