வண்டித்தளத்தில் பெனால்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். ஆளில்லாமல் ஓடுகிறது என்று மாலை ஆறு மணிக் கப்பலைத் தலைநகரில் ஒரே கையெழுத்தில் நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் ஒருமுறையாவது இந்தத் தீவுக்கு வந்ததுண்டா? சாமல் கிழவருக்கு நினைக்க நினைக்க எரிச்சல்.

தீவின் கால்பந்து மைதானத்துக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். கடலில் விழும் பந்தைப் படகில் போய் எடுத்து வருவது அவர் வேலை. அன்று ஐந்து முறை போய்வந்துவிட்டார்.

பலத்த காற்றால் தலைநகர் அணியை ஏற்றிய கப்பல் பிந்தி வந்தது. சிறுமிகளின் அரையிறுதி ஆட்டமும் பிந்தித்தான் தொடங்கியது. ஒன்றுக்கு ஒன்று என்ற நிலை. இன்னும் இருபது நிமிடம் பாக்கி. அதற்குள் துறையில் நாலு மணிக் கப்பல் ஊதிவிட்டது. அதுதான் கடைசி.

தலைநகர் அணி பைகளைத் தூக்கியது.

"பாதியில போற அணி தோத்ததாத்தான் அர்த்தம்," என்றார் நடுவர் சங்கடத்துடன். அவரும் அதே கப்பலில் போக வேண்டியவர்.

"அப்ப இறுதி ஆட்டம் நமக்குத்தான்!" கிழவர் கைதட்டினார். "அவங்க சட்டையில பேங்க் பேரு, நம்ம சட்டையில மீன் வாடை. ஒரு தடவை தோக்கட்டும்!"

தீவு அணியின் தலைவி ரான்வா முகம் சுளித்தாள். அவளுக்குப் பதினொரு வயது.

"கப்பலை நிறுத்தினது இவங்களா தாத்தா?"

"இவங்க ஊர்க்காரங்கதானே!"

"அந்தக் கோல்கீப்பருக்குப் பத்து வயசு."

ரான்வா நடுவரிடம் ஓடினாள்.

"சார், கப்பல்ல வண்டி நிக்கிற தளம் காலியாத்தானே இருக்கு? அங்க பெனால்டி அடிச்சு முடிச்சுக்கலாமே! ராத்திரி நிறுத்திவைக்கக் கப்பல் இங்கதான் திரும்பி வரும். நாங்களும் அதுலயே வந்துடுவோம்."

நடுவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு தலைவியும் சரின்னா..."

"சரி!" என்று முந்திக்கொண்டாள் தலைநகர் அணித் தலைவி மால்ஃப்ரி.

இரண்டு அணிகளோடு கிழவரும் கப்பலேறினார். வண்டித்தளத்தில் உயிர்காப்புச் சட்டைகளைக் குவித்துக் கோல் கம்பம் ஆக்கினார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒருத்தி குப்புறப் படுத்து விரலால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"என் விரலை உதைச்சிடாதடீ!"

கடைசிப் பந்தை ரான்வா அடித்தாள். அலை தூக்கியது, பந்து கம்பத்துக்கு வெளியே போனது. நாலுக்கு மூன்று. தலைநகர் அணிக்கு வெற்றி.

ரான்வாவின் கண் கலங்கியது. மால்ஃப்ரி ஓடி வந்து கைகொடுத்தாள்.

"ஆறு மணிக் கப்பல் வேணும்னு நாங்க எல்லாரும் எழுதிப் போடுறோம். அடுத்த வருஷம் முழு ஆட்டம்!"

"வா வா, அன்னிக்குக் காத்து எங்க பக்கம்," என்று மூக்கை உறிஞ்சியபடியே சிரித்தாள் ரான்வா.

"கைக்கு வந்ததைக் கடல்ல போட்டாச்சு. இதுல கடுதாசி வேற! யார் படிக்கப்போறா?" என்று முணுமுணுத்தபடி கிழவர் படியேறி மேல்தளத்துக்குப் போனார். தோற்ற பிள்ளைகள் கீழே ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்கு விளங்கவே இல்லை.