ஸ்டேரிங்கை ஆட்ட ஓர் ஆள்

"பிரேக்கு... பிரேக்கைப் புடி!"

பிலால் கத்தி முடிப்பதற்குள் அந்தப் பச்சை ஜீப், அவன் பெயர் எழுதிய மெக்கானிக் பட்டறை வாசலில் இருந்த எண்ணெய் டிரம்மைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. திருவொற்றியூரில் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் பின்னால் ஹாரன் அடித்தன.

"இன்னாம்மா, உனக்கு மட்டும் ரோட்டைக் கோணலாப் போட்டுக்கீறானா?"

இறங்கியவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவனுக்கு அடுத்த திட்டு மறந்துபோயிற்று. அப்படிப்பட்ட கண்கள்... கோபமும் பயமும் சேர்ந்து நனைந்த கண்கள்.

"நான் நேராத்தான் புடிச்சேன் அண்ணே. அதுவா அலையுது."

அண்ணே! இவ்வளவு மழை பெய்கிறதே, இந்த ஒரு வார்த்தையை அடித்துக்கொண்டு போகக் கூடாதா?

அவள் பெயர் ரூஹி. காசிமேட்டில் அவளைப் பெற்ற அத்தா வைத்திருந்த கயிற்றுக்கடையை அவர் இறந்த பிறகு அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கயிற்றுக்கட்டை ஏற்றிக்கொண்டு எண்ணூர் மணலில் அவர் ஓட்டிய ஜீப் இது. ராயபுரத்து வீட்டில் இப்போது அவளிடம் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் பேச யாருமில்லை. வண்டி ஒன்றுதான் மிச்சம். அதையும் அண்ணன் தௌசீஃப், ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் காயலான் கடையில் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டானாம்.

பிலால் ஸ்டேரிங்கைத் திருப்பிப் பார்த்தான்.

"யாரு இந்த ஸ்டேரிங் பாக்ஸ் ஸ்குருவ இப்படி இறுக்கினது? வளைச்சா திரும்பியே வரல. கை வெளங்காதவன் வேலை!"

அவள் முகம் சுருங்கிப்போனது.

"எங்க அத்தா இறுக்கினாரு. உடம்பு முடியாம இருந்தப்போ... பொண்ணு ஓட்டுற வண்டி ஆடக் கூடாதுன்னு."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் அவள் ஜீப்பில் ஏறிவிட்டாள். பிலால் பாய்ந்து சாவியைப் பிடுங்கினான்.

"என்னிய இன்னா வேணா திட்டிக்கோ. இந்த வண்டில மட்டும் போவாத. லாரிக்காரன் ஏத்திட்டுப் பூடுவான்."

ரூஹி இறங்கி மழையில் நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கையில் சாவியோடு அவன் நெடுநேரம் நின்றான். தம்பி கத்தாருக்குப் போனதிலிருந்து பட்டறையில் தனி, சாப்பாடும் தனி. வாராது வந்த ஒரு பேச்சையும் இந்த வாயே விரட்டிவிட்டதே...

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம், மழையோடு அவள் வந்தாள். ஜீப் விட்ட இடத்திலேயே, வாசல் தகரக் கூரைக்கடியில் நின்றது.

"நாளைக்கு ஞாயிறு! இன்னும் கையே வைக்கலியா அண்ணே?"

"ஸ்குருவ சரி பண்ட்டேன். ஆட்டம் எங்க கீதுன்னு பாக்க ரெண்டு பேரு வேணும்மா. மேல ஒருத்தர் ஸ்டேரிங்க ஆட்டணும், கீழ ஒருத்தன் படுத்துகினு பாக்கணும். எனக்கு ஆளு இல்ல."

அவள் விருட்டென்று ஏறி உட்கார்ந்தாள்.

"மெதுவா ஆட்டு... இந்தாண்ட... அந்தாண்ட..."

அத்தா உட்கார்ந்த இருக்கை. கீழேயிருந்து ஒரு குரல். அவள் கை அசைந்தால் பதில் சொல்கிற குரல். எத்தனை மாதமாயிற்று இப்படி ஒருவர் அவளோடு பேசி... ரூஹியின் கை நின்றுவிட்டது.

"ஏன் நின்ட்ட? அழுவுறியா?"

"இல்ல. உங்க கூரைல ஓட்டை. மழை ஒழுவுது."

ஒழுகாதபடி அந்தத் தகரத்தைப் புதிதாகப் போட்டவனே அவன்தான். ஆனாலும், "ஆமாமா, அடைக்கணும்" என்றான். பிறகு சட்டென்று கத்தினான்.

"ஆப்ட்டுச்சு! இந்த ஜாயிண்ட்டு தேஞ்சிகீது, அதான் வண்டி அலையுது. உங்க அத்தா கை நல்ல கைதாம்மா. கீழ படுத்துப் பாக்க அவருக்கு ஆளு இல்ல, அவ்ளோதான்."

"நான் இருந்தேனே... கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

அவள் விம்மி அழுதாள். அழுது முடிக்கும்வரை அவன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

புது ஜாயிண்ட் மாட்டியதும் எண்ணூர் பக்கம் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி நேராகப் போனது. வளைத்துவிட்டால் ஸ்டேரிங் தானாகத் திரும்பி வந்தது. இனி அண்ணன் வாய் திறக்க முடியாது. பட்டறைக்குத் திரும்பியபோது பக்கத்து டீக்கடை ராசையா குரல் கொடுத்தார்.

"இன்னா நைனா, எப்பவும் நான்தானே ஸ்டேரிங் ஆட்டுவேன்? ரெண்டு நாளா சும்மாதானே குந்திகினு கீறேன், கூப்புடவே இல்ல?"

பிலால் தலையைக் குனிந்துகொண்டான். ரூஹியின் கண்கள் அவனையே பார்த்தன.

"அப்ப ஆளு இருந்திச்சு..."

"இருந்திச்சு. நீ வருவேன்னுதான் கூப்புடல. லேட்டாவக் கூடாதுன்னு எல்லா ஜாயிண்ட்டும் வாங்கி வச்சிகினு காத்துகினு இருந்தேன். உங்க அத்தாவ அன்னிக்குச் சொன்னது தப்பு. உன்ன எனக்குப் புடிச்சிகீது ரூஹி."

மழை விட்டிருந்தது. அவள் ஸ்டேரிங்கைச் சும்மாவே இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"இனிமே எந்த வண்டி வந்தாலும் டீக்கடைக்காரரக் கூப்பிடாதீங்க."

"பின்ன, ஆட்டுறதுக்கு யார கூப்புடறது?"

"என்னக் கூப்பிடுங்க..." வெட்கம் அவள் குரலைப் பாதியாக்கியது. "என்னக் கூப்பிடுங்க, பிலால்."

அண்ணே என்று அவள் சொல்லவில்லை.