கடைசிக் குலை வெட்டும் வரை

கம்பம் இருந்தது. கையைத்தான் காணோம்.

ஏரிக்கரைப் பாதை முடிந்து திராட்சைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் நோட்புர்கா நின்றுவிட்டாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கம்பத்தின் உச்சியில் ஒரு மரக்கை இருந்தது. ஆள் கை அளவு, ஐந்து விரலும் விரித்தபடி, வெட்டுப்பட்டதுபோல் மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்புச் சாயம். நடுவிரலில் நீளமாக ஒரு விரிசல், அப்பா ஒருமுறை ஏணியைச் சாய்த்தபோது பட்டது. உள்ளே கால் வைத்தால் கை போய்விடும் என்று அந்தக் காலத்துக் காவல்காரர்கள் திருடர்களுக்கு விட்ட எச்சரிக்கை அது. வருடா வருடம் அப்பாதான் சாயம் பூசுவார். அவர் படுக்கையில் விழுந்தபின் அவள் பூசினாள். இன்று அங்கே துருப்பிடித்த ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கை எங்க?"

முன்னால் போய்க்கொண்டிருந்த ஹார்ட்மன் திரும்பினான். "எந்தக் கை?"

"நம்ம கம்பத்துக் கை. அதையும் ஓட்டல்காரனுக்கு வித்துட்டியா?"

"எனக்கு வேற வேலையில்ல பாரு. எவனாவது டூரிஸ்ட் பிடுங்கிட்டுப் போயிருப்பான். நீ வா புர்கி, கோட்டையில போய் உட்கார்ந்து பேசுவோம்."

பேச என்ன இருக்கிறது? இந்த மலைநாட்டில் பண்ணையைத் துண்டு போட முடியாது. முழுதாக ஒரே பிள்ளைக்குத்தான். மூத்தவன் என்று ஹார்ட்மனுக்குப் போயிற்று. அவன் மியூனிக்கில் கார் விற்றுக்கொண்டிருந்த காலமெல்லாம் இங்கே மருந்தடித்ததும், பனியில் விரல் விறைக்கக் கொடி கட்டியதும், அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியதும் இவள். அப்பாவைப் புதைத்த மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் ஓட்டல்காரர்களிடம் பேசி முடித்துவிட்டான். நீச்சல் குளம் வரப்போகிறதாம், எதிரே இவ்வளவு பெரிய கால்டெர்ன் ஏரி கிடக்கும்போது! நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்குள் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்கிறேன் என்று அண்ணனுக்குக் கையடித்துக் கொடுக்கத்தான் இன்றைய நடை. இந்தப் பக்கம் கையடித்துக் கொடுத்துவிட்டால் அதன்பின் பேச்சே கிடையாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குடும்பமாகக் கோட்டைக்கு நடந்து போய்ப் புது ஒயினும் சுட்ட கஷ்கொட்டையும் சாப்பிடுகிற வழக்கத்தை அவன் இதற்குப் பயன்படுத்திக்கொண்டான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். அவள் வயிற்றைப் பற்றவைத்தது எதிரே பந்தல்களில் தொங்கிய பழம். அக்கம்பக்கமெல்லாம் அறுவடை முடிந்து இலைகள் மஞ்சளாகிவிட்டன. இவர்கள் பழத்தை மட்டும் ஒருவரும் வெட்டவில்லை. பிடுங்கப் போகிற கொடிக்கு எதற்குக் கூலி ஆள் என்று கேட்டானாம்.

"நீங்க ரோட்டைச் சுத்திப் போங்க. நான் தோட்டம் வழியா வரேன்."

"சேறாக் கிடக்கே, அதுக்குள்ள எதுக்கு?" என்றாள் அண்ணி கிரேட்டா.

"என் தோட்டத்துக்குள்ள போக உங்களைக் கேக்கணுமா அண்ணி?"

ஹார்ட்மன் சிரித்தான். "உன் தோட்டமா? சரிம்மா, உன் தோட்டந்தான். சீக்கிரம் வந்து சேரு, கஷ்கொட்டை ஆறிடும்."

அந்தச் சிரிப்பு அவள் முதுகில் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே நுழைந்தாள்.

பந்தலுக்கடியில் பகல் பாதியாகக் குறைந்தது. தலைக்கு மேலே கொடிகள் பின்னிப் பின்னி இறுகியிருக்க, இலைச் சந்துகளில் விழுந்த வெயில் ஈரப் புல்லில் காசு காசாகக் கிடக்க, நெற்றியில் உரசுகிற உயரத்தில் குலைகள் தொங்கின. கனிந்து, தோல் சுருங்கத் தொடங்கி, புளிப்பும் இனிப்புமாக ஒரு வாடை வீசிய அந்தக் குலைகளுக்கு நடுவே நடக்கும்போது அவளுக்கு இன்னொரு வாடையும் வந்தது, வெகுநாள் குளிக்காத ஆளின் வியர்வையும் நனைந்த தோலும் கலந்தது போல. ஏரியில் நாரை ஒன்று கத்தியது தூரத்தில் கேட்டது. தோட்டத்துக்குள் சத்தமே இல்லை. நாலடி போன பிறகுதான் ஏன் என்று புரிந்தது. குளவி இல்லை. இவ்வளவு பழுத்த பழத்தில் ஒரு குளவி இல்லை, ஒரு குருவி கொத்திய அடையாளம் இல்லை. யாரோ ஒவ்வொரு பழத்தையும் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அப்பா சொல்வார். முதல் பழம் கறுத்ததும் காவல்காரன் தோட்டத்துக்கு ஏறிவிட வேண்டும். கோழி இறகும் நரிவாலும் வைத்த தொப்பி, கழுத்தில் பன்றிப் பல் மாலை. குளியல் கிடையாது, கோயில் கிடையாது, வீட்டுச் சோறு கிடையாது. கடைசிக் குலை வெட்டும் வரை இறங்கக் கூடாது. இப்போது அந்த வேஷத்தைத் திருவிழா ஊர்வலத்தில்தான் பார்க்கலாம். கொடி, உரம், விலை என்று எல்லாம் மாறிய பிறகு யார் காவலுக்கு நிற்கிறார்கள்?

ஆனால் எல்லா வருடமும் கடைசிக் குலையை வெட்டிவிட்டார்கள். இந்த வருடம்தான் வெட்டவில்லை.

அந்த நினைப்பை அவள் கோபத்தால் தள்ளிவிட்டாள். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் கத்தரியை எடுத்தாள். ஒரு குலையாவது வெட்டுவேன். அவன் கண்ணெதிரே, கோட்டைச் சுவரில் வைத்துத் தின்பேன். கனத்த குலை ஒன்றை இடது கையில் ஏந்தி, காம்பில் கத்தரியை வைத்தாள்.

கடகட.

கூழாங்கற்களைப் பையில் போட்டுக் குலுக்கியதுபோல். அடுத்த வரிசையில்.

"யாரு?" என்றாள்.

அவள் நடந்தாள். பக்கத்து வரிசையிலும் நடை கேட்டது. நின்றாள். அதுவும் நின்றது. கடகட. இலைகளுக்கிடையே ஏதோ செம்பட்டையாக அசைந்தது, நரிவால் நிறத்தில்.

அண்ணன் வேலை! ஊர்வலத்துக்கு வேஷம் கட்டும் எவனையோ ஏற்பாடு செய்து, அவளைப் பயமுறுத்தி, மேலே போனதும் சிரிப்பதற்கு. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"எவன்டா அது? அண்ணன் எவ்வளவு குடுத்தான்? வெளிய வாடா!"

வந்தான்.

வரிசையின் முனையில் நின்றான். மேலே தொங்கிய குலைகள் முகத்தை மறைத்தன. பல் மாலை தெரிந்தது. தோல் சட்டை தெரிந்தது. கீழே பூட்ஸ். பூட்ஸின் மேல் பச்சைக் கொடி சுற்றியிருந்தது. ஒரு நாளில் சுற்றிய கொடி இல்லை. பாசி பிடித்து, முற்றி, தண்டு கட்டை விரல் கனத்துக்கு.

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"யாரு தோட்டம்?"

குரல் இலைக்குள்ளிருந்து வந்தது. சத்தமாக இல்லை. சுங்கச்சாவடியில் கேட்பதுபோல் சாதாரணமாக.

பதில் அவளுக்குத் தெரியும். அப்பா கதையிலும் இதுதான் வரும். உடையவன் பெயரைச் சொன்னால் காவல்காரன் ஒதுங்கி வழிவிடுவான். ஹார்ட்மன் தோட்டம். இரண்டே சொல். அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் சிரிப்பு ஞாபகம் வந்தது. சரிம்மா, உன் தோட்டந்தான்.

"யாரு தோட்டம்?" இன்னும் கிட்டத்தில்.

ஓடிவிடலாம். சொல்லிவிடலாம். சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் உள்ளே எரிந்தது பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"என் தோட்டம்! என் கையால வளர்த்தது. ஒவ்வொரு கொடியும் என் கையால கட்டினது. எந்தப் பேப்பர்ல எவன் பேரு இருந்தா எனக்கென்ன? என் தோட்டம்!"

பல் மாலை ஓய்ந்தது.

அவன் கையை நீட்டினான். சத்தியம் பண்ணு என்பதுபோல், உள்ளங்கை மேலாக.

மரக்கை. நடுவிரலில் விரிசல்.

பார்த்தாள். தெரிந்துதான் பார்த்தாள். ஓங்கி அதில் அடித்தாள்.

குளிர்.

பிறகு ஒன்றுமில்லை. வெயில், புல், குலைகள். எங்கிருந்தோ ஒரு குளவி வந்து பழத்தில் உட்கார்ந்தது.

கத்தரி புல்லில் கிடந்தது. அதை எடுக்கவில்லை. வலது கை தோள்வரை மரத்திருந்தது. அதைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, மூச்சிரைக்க, காட்டுப் பாதையில் ஏறிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தாள். இடிந்த சுவரில் துணி விரித்து, கிரேட்டா கஷ்கொட்டைத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"பேயடிச்ச மாதிரி இருக்கியே புர்கி, உட்காரு," என்றாள்.

ஹார்ட்மன் எழுந்தான். கையில் புது ஒயின், முகத்தில் அதே சிரிப்பு. "முதல்ல விஷயத்தை முடிச்சுக்குவோம். மார்ட்டின் திருநாளுக்குள்ள காலி பண்ற. நான் உனக்கு ஊர்ல நல்ல அறை பார்த்துத் தரேன். நமக்குள்ள மனத்தாங்கல் வேண்டாம். எங்க, கையக் குடு."

அவன் கையை நீட்டினான். மாட்டேன் என்று சொல்லத்தான் அவள் கையை வெளியே இழுத்தாள். அதற்குள் அவன் எட்டிப் பிடித்துவிட்டான்.

டக்.

அவன் மோதிரம் கட்டையில் பட்ட சத்தம்.

சிரிப்பு நின்றது. கிரேட்டாவின் மடியிலிருந்து கஷ்கொட்டைகள் உருண்டன. ஐந்து விரலும் விரித்தபடி. நடுவிரலில் விரிசல். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்புச் சாயம், போன வருடம் அவளே பூசியது.

அவள் சுவரைத் தாண்டிக் கீழே பார்த்தாள். ஏரி மினுங்கியது. கரையில் தோட்டம். தோட்டத்து வாசலில் கம்பம்.

கம்பத்தின் உச்சியில் வெளுப்பாக ஏதோ இருந்தது.

தப்பு செய்தவன் சுவரோரம் முழுசாக, இரண்டு கையோடு நிற்கிறான். உழைத்தவளுக்கு இதுவா? எழுத்தில் யார் பெயரோ அவன் பக்கம்தான் காவலுமா? உடம்பு முழுக்க ஆத்திரம் ஏற, இல்லாத விரல்களை அவள் மடக்கினாள்.

மரக்கை அசையவில்லை.

கீழே, கம்பத்தின் மேல், அது மெதுவாக மூடிக்கொண்டது.