முதலைக்குப் பல்வலி

"எங்க, ஆ காட்டுங்கோ பாப்பம்…"

றோஸி வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடமொன்றின் பல் கிளினிக். வெளியே காலையிலிருந்து விடாத மழை. அங்கே பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் யூஜினாவுக்குப் பொறுமை அதிகம். இல்லாவிட்டால் இந்தச் சின்ன வாய்களோடு காலம் தள்ள முடியுமா? சுவரிலிருந்த பழைய படத்தைக் காட்டினாள். அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ பிள்ளைகளுக்காக வரைந்த வேடிக்கைச் சித்திரம். கன்னத்தில் கட்டுப் போட்ட முதலை கதிரையில் சாய்ந்து அழுகிறது. அதன் வயிற்றில் காலை ஊன்றி, குறட்டால் பல்லை இழுக்கிறது ஒரு குரங்கு டொக்டர். தும்பிக்கையில் நம்பர்த் துண்டோடு யானை வரிசையில் நிற்கிறது.

"பாருங்கோ, முதலையே வாய் திறந்திருக்கு!"

"முதல்ல மாமா இருக்கட்டும்," என்றாள் றோஸி.

கூட்டிவந்த மாமனுக்கு முகம் வெளிறிவிட்டது. நெடிய உருவம், நனைந்த சட்டை… அந்தக் கண்கள்! அப்பப்பா, எவ்வளவு அழகு, எவ்வளவு பயம்! ஆனாலும் அக்கா மகளுக்காகக் கதிரையில் ஏறி, கண்ணை இறுக மூடி, "ஆ…" என்றான். யூஜினா சிரித்தே விட்டாள். அவன் கண் திறந்தான். பார்த்தான்… பார்த்தபடியே இருந்தான்.

"இனி வாய மூடலாம்," என்றாள் அவள், முகம் சிவக்க.

றோஸியின் பல்லுக்கு மருந்து வைத்தபின் கார்டை எடுத்தாள்.

"கூட்டி வந்தவர் பேர்?"

"கிளின்ரன். கொச்சிக்கடை. போர்ட்டில வேலை."

பேனை நின்றது. மூன்று மாதத்துக்கு முன் கலியாணப் பேச்சுக்கு அம்மா இதே பேர்க்காரனுக்கு அனுப்பிய அவளுடைய படம், கவர் பிரிக்காமலே திரும்பி வந்திருந்தது. 'பல்லுப் பிடுங்குற பொம்பிள வேண்டாமாம்.' அன்று அவள் எவ்வளவு அழுதாள்!

"கவரப் பிரிக்காமலே அனுப்பின ஆள் நீங்கதானே?"

"ஐயோ… யூஜினா நீங்களா?"

"ஓம். போயிட்டு வாங்க."

மூன்று நாள் கழித்து, பிள்ளைகள் இருக்கும் குட்டி வாங்கில், முழங்கால் நாடியில் முட்ட, றோஸி இல்லாமல் அவன் உட்கார்ந்திருந்தான்.

"பெரிய ஆக்களுக்கு இங்க பாக்கிறேல்ல."

"மன்னிப்புக் கேக்க வந்தனான். நானும் இந்தப் பள்ளிக்கூடந்தான். எட்டு வயசில இதே கதிரையில பல்லுப் பிடுங்கினாங்க. அந்தக் குரங்கின்ட காலையே பாத்துக்கொண்டு கிடந்தனான். அதுக்குப் பிறகு பல் மிஸ் எண்டாலே அதுதான் கண்ணுக்கு வரும்."

"அப்ப என்னையும் குரங்கு எண்டு நினைச்சீங்க!"

வாங்கிலிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"ஓம், அப்பிடித்தான் நினைச்சனான். பொய் சொல்லி உங்களிட்ட நல்ல பேர் வாங்க எனக்கு ஏலாது. ஆனா அண்டைக்கு நீங்க சிரிச்சதில இருந்து… வேற ஒண்டும் ஓடுதில்ல. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு, யூஜினா. இந்தமுறை நீங்க வேண்டாம் எண்டு சொல்லுங்க. கேட்டுட்டுப் போறன்."

சொல்லிவிடலாம்தான். மூன்று மாதக் கோபம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவன் எழுந்து போய்விடுவான்… பிறகு?

"மூண்டு நாளா இந்த வாசலையேதான் பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றாள் மெதுவாக. "ஆனா கோபமும் போகேல்ல. என்ன செய்ய… ரெண்டும் இருக்கு."

"ரெண்டும் இருக்கட்டும். வீட்ட வந்து அப்பாவோட கதைக்கட்டா? நாளைக்கு?"

"இண்டைக்கே வாங்க," என்றாள் யூஜினா. "நாளைக்கெண்டா எனக்குத் திரும்பவும் கோபம் வந்திடும்."